கண்ணீருக்கு எண்பது கூடுதல்

காதலுக்கு விலை இருநூற்றிருபது. கேட்கிறவர் நெஞ்சு இளகும்படி கண்ணீரும் வேண்டுமென்றால் முன்னூறு. முப்பது வருஷத்து நட்பு நூற்றைம்பது. முன்பின் தெரியாதவரை வாசலில் நின்று வாய்நிறைய "வாங்க, வாங்க" என்று அழைப்பது அறுபது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவது அந்த அறுபதிலேயே சேர்த்தி. பழைய பகையை மனம்விட்டுச் சொல்ல நூறு. பகையாளியும் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டினால் இருவருக்குமாக நூற்றெண்பது, அதில் பேரம் கிடையாது.

இந்த விலைப்பட்டியல் நாலாக மடிக்கப்பட்டுத் தரகரின் சட்டைப்பையில் இருந்தது. அவருக்கு மனப்பாடம்தான். ஆனாலும் ஆட்கள் திடீர் திடீரென்று விலையை ஏற்றிவிடுகிறார்கள், எழுத்தில் இருப்பது நல்லது.

தரகர் என்றால் வீட்டுத் தரகர். இருபத்திரண்டு வருஷம் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர். எந்தச் சுவர் ஓதமடிக்கும், எந்தக் குழாய் ஒழுகும், எந்த வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் வாசலில் கால் வைத்தவுடன் மூக்கிலேயே தெரிந்துவிடும். ஜனங்கள் படுத்துக்கொண்டே ஃபோனில் வீடு பார்க்க ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. இரண்டு மாதம் வெறுங்கையாகச் சுற்றியவருக்கு மூன்றாம் மாதம் பொறி தட்டியது. காலி வீடு கையில் இல்லை, சரி. ஆள் நிறைந்த வீடு தெருவுக்கு நூறு இருக்கிறதே! சுற்றுலா வருகிறவர்கள் கட்டடத்தையும் சிலையையும் பார்த்துப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள். அவர்களுக்கு மனுஷனைக் காட்டினால் என்ன?

"ஊரைப் பார்க்க வேண்டாம், ஊர்க்காரரைப் பாருங்கள்" என்று அட்டை அடித்துவிட்டார். அவரவர் விருப்பப்படி ஒரு நாள் ஏற்பாடு, ஒரு தடவைக்கு நாலே பேர். நாலு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதைப் பெரிய கொள்கையாகச் சொல்லிக்கொள்வார். அவருடைய பழைய காரில் அதற்கு மேல் இடம் கிடையாது.

கொள்கை நன்றாகத்தான் இருந்தது, கூட்டம்தான் வரவில்லை. ஆறு மாதத்தில் ஏழு தடவை. அதற்குள் மச்சான் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டார்.

மச்சான் என்பது தரகர் மனைவியின் அண்ணன். கடைவீதியில் குழாய்க்கடை வைத்திருப்பவர். அப்பா காலத்துக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நாற்காலி போட்டு, "திங்கக்கிழமையிலேர்ந்து நம்ம மாப்பிள்ளை இங்கதான் உக்காரப் போறாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தரகருக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே முதுகில் அரிப்பு எடுக்கும். மச்சான் கடையில் உட்கார்ந்து, மச்சான் சொல்லும் ஜோக்குக்குச் சிரித்து, மச்சான் கையால் சம்பளம் வாங்குவதா! அதைவிட மச்சான் விற்கும் குழாயிலேயே தலையைக் கொடுத்துவிடலாம்.

அந்த ஒரே காரணத்தால்தான் அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மச்சான் கடையில் வாங்கினால் அது ஒரு தோல்வி. வேறு கடையில் வாங்கினால் அரை மணி நேரத்தில் செய்தி மச்சானுக்குப் போய்விடும். ஆகவே ஊரார் வீட்டுக் குழாய்க்கெல்லாம் குறை சொன்ன மனிதர் தன் வீட்டுக் குழாய்க்குக் கிழிந்த பனியனை இறுக்கிக் கட்டி, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றி, "இது ஒரு வருஷம் தாங்கும்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"குழாயா, உங்க யாவாரமா?" என்று கேட்டாள் அவள்.

கடைசி நம்பிக்கையாக இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாலு பேர் வந்திறங்கினார்கள். தூரத்துப் பெருநகரத்தில் ஓய்வு பெற்றவர்களின் மன்றம் ஒன்று. உறுப்பினர் இருநூறு பேர். அதன் பொருளாளரான ஆடிட்டர் அம்மா நேரில் பார்த்துத் திருப்தி என்று சொல்லிவிட்டால், வருஷம் முழுக்க வாரம் ஒரு நாலு பேராக அத்தனை பேரையும் தரகரிடம் அனுப்புவார்கள். பிடிக்கவில்லையென்றால் எல்லோரும் அருவி பார்க்கப் போய்விடுவார்கள். தரகர் நாற்காலிக்குப் போய்விடுவார்.

ஆடிட்டர் அம்மா ஒல்லி, கண்ணாடி, கையில் சின்ன நோட்டு. எதைக் கேட்டாலும் ஒரு விநாடி நிறுத்தி, மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையசைப்பார். அவரோடு பல் டாக்டர் ஒருவர். யார் சிரித்தாலும் அவர் பார்வை கடைவாய் வரை போய்வரும். டாக்டரின் மனைவி கண்ணில் பட்டதையெல்லாம் ஃபோனில் படம் எடுப்பவர். நாலாமவர் காரில் ஏறியதிலிருந்து வாயே திறக்கவில்லை.

"அவர் ரயில் நிலையத்தில முப்பத்தஞ்சு வருஷம் அறிவிப்பு செஞ்சவர்," என்றார் ஆடிட்டர் அம்மா. "பேச வேண்டியதெல்லாம் பேசி முடிச்சாச்சாம். இனிமே அவசியம்னாதான்."

முதலில் முடிதிருத்தும் கடை. சுழல் நாற்காலிகள் இரண்டு, பாதரசம் போன கண்ணாடி ஒன்று, நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார ஒரு பெஞ்சு. முடிதிருத்துபவர் அறுபதுக்கான "வாங்க, வாங்க"வை எழுபதுக்கு உண்டான உற்சாகத்தோடு சொன்னார். அவருக்குக் குறித்திருந்தது முப்பது வருஷத்து நட்பு. ஆனால் மனிதர் கத்தரியைத் துடைத்துக்கொண்டே, "என் கல்யாணம் நடந்த கதை தெரியுமா?" என்று ஆரம்பித்ததும் தரகருக்குக் காது சூடானது. அது இவருடைய கதையே இல்லை. நாலு கடை தள்ளி இருக்கும் தையல்காரரின் முன்னூறு ரூபாய்க் கதை. நட்புக்கு நூற்றைம்பதுதான், காதலுக்கு முன்னூறு என்பது எப்படியோ கசிந்துவிட்டது!

"நல்ல மழைங்க. கடை வாசல்ல ஒரு பொண்ணு ஒதுங்கி நிக்குது. நான் என் குடையைக் குடுத்தேன். நாளைக்குத் திருப்பித் தரேன்னு வாங்கிட்டுப் போச்சு. பதினோரு மாசம் வரவே இல்ல. பன்னெண்டாவது மாசம் ஒரு நாள் குடையோட வந்து நிக்குது... குடையில கம்பி ஒடைஞ்சிருக்கு. 'இதை ரிப்பேர் பண்ணத்தான் இத்தனை நாள் காசு சேத்தேன்'னு..."

இந்த இடத்தில் முடிதிருத்துபவர் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டாக்டரின் மனைவி ஃபோனை இன்னும் கிட்டே கொண்டுபோனார். தரகர் கண்ணாடி வழியாக முறைத்த முறைப்பில் பாதரசம் மிச்சமும் உதிர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த நிறுத்தம் அந்தத் தையல்காரர். தரகர் காரை நேராக ஓட்டிப் போய்விடலாம் என்று பார்த்தார். ஆனால் தையல்காரர் நடுத்தெருவுக்கே வந்து, அளவு டேப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்றார். மேலே ஏற்றிக்கொண்டா போக முடியும்?

உள்ளே துணிக்குவியலை ஒதுக்கி உட்கார வைத்தார். தரகர் தொண்டையைச் செருமினார், கண்ணைச் சிமிட்டினார், காலை மிதித்தார்.

"என்ன சார், கால்ல மிதிக்கிறீங்க? இருங்க, சொல்றேன்," என்று தையல்காரர் விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "நல்ல மழைங்க. கடை வாசல்ல ஒரு பொண்ணு..."

குடை போனது. பதினோரு மாதம் போனது. கம்பி ஒடிந்தது. தையல்காரருடைய கண்ணீர் உண்மையிலேயே தரமானது; முடிதிருத்துபவர் ஒற்றிக்கொண்டது இதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஆடிட்டர் அம்மா நோட்டை மூடினார். "இந்த ஊர்ல மழை ஒரே தடவைதான் பெஞ்சிருக்கு போல. குடையும் ஒண்ணே ஒண்ணுதான்."

"பொண்ணும் ஒண்ணா, ரெண்டா?" என்று டாக்டர் கவலையோடு கேட்டார்.

தையல்காரருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஊசியைக் கூட எடுத்து வைக்காமல், "திருட்டுப் பய, எங்கிட்டத்தான் கோட்டு தைக்கக் குடுத்திருக்கான், பாத்துக்கறேன்!" என்று முடிதிருத்தும் கடையைப் பார்த்து ஓடினார். அன்றைய தினத்தில் காசு வாங்காமல் ஒரு ஊர்க்காரர் செய்த முதல் காரியம் அதுதான்.

காரில் ஏறியதும் ஆடிட்டர் அம்மா பின்சீட்டிலிருந்து கையை நீட்டினார். "அந்தச் சட்டைப்பையில இருக்கிற காகிதத்தைக் குடுங்க. காலையிலேர்ந்து தொட்டுத் தொட்டுப் பாத்துக்கறீங்க."

தரகர் கொடுத்தார். வேறு வழி? ஆடிட்டர் அம்மா மேலிருந்து கீழே படித்தார். கீழேயிருந்து மேலேயும் படித்தார்.

"கண்ணீருக்கு எண்பது அதிகம்," என்றார். "தண்ணியும் உப்பும்தானே?"

"நல்ல சரக்கும்மா," என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டுத் தரகர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இங்க பாருங்க. நாங்க இருக்கறது முப்பத்திரண்டு மாடி. லிஃப்டுல பக்கத்துல நிக்கறவங்க முகமே எங்களுக்குத் தெரியாது. அதனாலதான் ஒரு மனுஷனைப் பாக்கலாம்னு ஒரு ராத்திரி ரயில்ல உக்காந்து வந்தோம். நீங்க ஒரு பைசா குடுக்காத, குடுக்கவே போகாத ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரே ஒரு வீடு. இல்லைன்னா நேரா ஸ்டேஷன். மன்றம் அருவிக்குப் போகட்டும்."

தரகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஊரையே மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். பலசரக்குக் கடை? அறுபது. அச்சகம்? நூற்றைம்பது. பூட்டு ரிப்பேர்? பகைக் கணக்கில் இரண்டு பேர். யார் முகத்தை நினைத்தாலும் நெற்றியில் விலை ஒட்டியிருந்தது. ஆறு மாதத்தில் தனக்குத் தெரிந்த ஒவ்வொருத்தரையும் பட்டியலில் ஏற்றித் தொலைத்திருக்கிறோமே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரே ஒரு வீடு பாக்கி இருந்தது. அந்த வீட்டுக்காரியோ, "உங்க யாவாரத்தை வாசப்படிக்கு அந்தப் பக்கமே நிறுத்துங்க. என் வீட்டுக்குள்ள ஒருத்தரை வேடிக்கை பாக்கக் கூட்டிட்டு வந்தீங்க, அப்புறம் நானே வேடிக்கை காட்டுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டவள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகியும் தரகர் பயப்படும் ஒரே ஆள். வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

தெருமுனையிலேயே தண்ணீர் வரவேற்றது. சாக்கடை ஓரமாகத் தெளிந்த நீர் சலசலவென்று ஓடிவந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு கிழிந்த பனியன் மிதந்து வந்தது. தரகர் அந்தப் பனியனை அடையாளம் கண்டுகொண்டார்.

கதவு திறந்திருந்தது. வாசலில் அவர் மனைவி முழங்கால் வரை துணியை ஏற்றிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் வாளியும் ஒரு கையில் துடைப்பமுமாக நின்றாள். காரிலிருந்து இறங்கிய நாலு பேரையும் பார்த்தாள்.

"வந்தீங்களா! ஃபோன் பண்ணி எவ்வளவு நேரமாச்சு! செருப்பைக் கழட்ட வேணாம், உள்ள வாங்க, வாங்க! குழாய் பிச்சுக்கிட்டுப் போச்சு, மேல்தொட்டி வால்வு துருப்பிடிச்சு நகர மாட்டேங்குது. தொட்டி முழுக்க வீட்டுக்குள்ளதான் எறங்கப் போகுது. அண்ணன் நாலு பேரை அனுப்பறேன்னான், சரியா நாலு பேர். பொம்பளைங்களையும் வேலைக்கு வெச்சிருக்கானா? பரவாயில்ல, இப்பவாவது புத்தி வந்துச்சே!"

தரகர் வாயைத் திறந்தார். "ஏம்மா, இவங்க வந்து..."

ஆடிட்டர் அம்மாவின் குதிகால் அவர் பாதத்தில் ஊன்றி இறங்கியது. தையல்காரரை மிதித்த பாவம். "சொல்லுங்கம்மா," என்றார் ஆடிட்டர் அம்மா மனைவியிடம், கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"

அதற்குப் பிறகு நடந்ததைத் தரகர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சமையலறையில் குழாய் இருந்த இடத்திலிருந்து தண்ணீர் எதிர்ச்சுவர் வரைக்கும் பாய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் கணுக்கால் ஆழம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் இரண்டு செருப்பும் தரகரின் விளம்பர அட்டைகளும் சேர்ந்து ஊர்வலம் போயின. "ஊரைப் பார்க்க வேண்டாம்" என்று அட்டைகள் மல்லாந்து மிதந்தன.

"நீ," என்று மனைவி பல் டாக்டரைக் காட்டினாள், "வாளியை அப்படியா புடிப்பாங்க? பச்சப்புள்ளையையா தூக்கற? சாய்ச்சு மொள்ளு! எங்க அண்ணன் உன்னை எந்தக் கணக்குல வேலைக்குச் சேத்தான்?" அப்புறம் டாக்டரின் மனைவி பக்கம் திரும்பினாள். "இந்தாம்மா, ஃபோனை உள்ள வை. உனக்குக் கூலி குடுக்கறது படம் எடுக்கறதுக்கா?"

டாக்டரின் மனைவி ஒரு கணம் திகைத்தார். ஃபோனை இடுப்பில் செருகினார். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கை இரண்டும் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கிளுக்கென்று சிரித்து, கிடைத்த முறத்தால் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார்.

"என்னங்க, நீங்க என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? கட்டிலைத் தூக்குங்க!" என்றது தரகருக்கு. தூக்கினார்.

வாளிகள் ஒன்றோடொன்று மோதின. சமையலறைக்குப் போகிறவர் வாசலுக்கு வருகிறவர் மேல் விழுந்தார். டாக்டர் நிரப்பிய வாளியை ஆடிட்டர் அம்மா டாக்டர் தலையிலேயே கொட்டினார். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. கணீரென்று, நிதானமாக, சுவரெல்லாம் அதிரும்படி.

"கவனிக்கவும்! சமையலறையிலிருந்து வாசல் வரை செல்லும் இரண்டாம் எண் வாளி, இப்போது கூடத்தின் இடது ஓரமாக வந்துகொண்டிருக்கிறது. காலி வாளிகள் வலது ஓரமாகச் செல்ல வேண்டுகிறோம். கட்டிலுடன் நடுவில் நிற்பவர் தயவுசெய்து வழிவிடவும். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

காலையிலிருந்து வாய் திறக்காத ரயில் நிலையத்து மௌனசாமி ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தார். அவசியம் வந்துவிட்டது!

அவ்வளவுதான், வேலை சீட்டியடித்துப் பறந்தது. இடது ஓரம் நிறைவாளி, வலது ஓரம் காலி வாளி. ஒன்றாம் எண் தாமதமானால் தாமதமென்று அறிவித்தார். மூன்றாம் எண் ரத்து என்றும் ஒரு தடவை அறிவித்தார், கைப்பிடி கழன்றுவிட்டது. எதிர்வீட்டார் ஜன்னலில் கூடிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நாலு பேரும் கத்திக்கொண்டும் வழுக்கிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடினார்கள். பல் டாக்டர் குழாய்ப் பக்கம் போய், குனிந்து, தலையைச் சாய்த்து அந்த ஓட்டையை உற்றுப் பார்த்தார்.

"பெருசா திறந்திருக்கு," என்றார் தனக்குத்தானே. "துணி இருக்கா? சுத்தமா, சுருட்டினா விரல் தடிமன்."

மனைவி கொடுத்த துணியைச் சுருட்டி, கட்டைவிரலால் உள்ளே அழுத்தி, மேலே ஒரு மடிப்பு வைத்து, இன்னும் அழுத்தி, அப்படியே நின்றார். பாய்ச்சல் பீச்சலாயிற்று, பீச்சல் சொட்டாயிற்று. "பல் புடுங்கின எடத்துலயும் இதேதான். அரை மணி நேரம் யாரும் என்னைப் பேச வைக்காதீங்க."

"நல்ல வேலைக்காரன்தான்!" என்றாள் மனைவி. "திட்டினதைத் திருப்பி எடுத்துக்கறேன். பாதியை."

டாக்டரின் மனைவி ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. ஆடிட்டர் அம்மா அதைத் தரகருக்குச் சுட்டிக்காட்டினார். "இதுக்கு யாரு எண்பது குடுக்கறது?"

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தார். கையில் புதுக் குழாய், பின்னால் கடை ஆட்கள் நாலு பேர், முகத்தில் திங்கக்கிழமையின் பூரிப்பு. வாசலில் நின்று எண்ணிப் பார்த்தார்.

"தங்கச்சி, யாரு இவங்கள்லாம்?"

"ஏன்ணே, உன் கடை ஆளுங்கதானே?"

"என் ஆளுங்க இதோ இருக்காங்க. மாப்ளே, யாரு இவங்க?"

தரகர் கட்டிலை மெல்லக் கீழே வைத்தார். "இவங்க... என் கஸ்டமருங்க, மச்சான். ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு கட்டி வந்தவங்க."

மனைவி வாளியைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். ஸ்டூலில் நிற்பவரை, தரையில் உட்கார்ந்திருப்பவரை, தலைமுடியெல்லாம் கலைந்து கண்ணாடியில்லாமல் நிற்கும் ஆடிட்டர் அம்மாவைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தரகர் ஒரு சுற்று இளைத்தார்.

"காசு கட்டினவங்களையா நான் பச்சப்புள்ளையத் தூக்கறியான்னு கேட்டேன்?"

"அருமையா கேட்டீங்கம்மா," என்றார் டாக்டர், கட்டைவிரலை எடுக்காமல். "முப்பது வருஷமா என் முகத்தைப் பாத்து யாரும் எதுவும் சொன்னதில்ல. அவங்க வாயில என் கை இருக்கும்."

முதலில் சிரித்தது மச்சான்தான். அவர் தொப்பை குலுங்க ஆரம்பித்ததும் மனைவியாலும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, யாரும் நகரக் கூடாது, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். ஆளுக்கொரு உலர்ந்த துணி கொடுத்தாள். டாக்டர் தரகரின் சட்டைக்குள்ளே தொலைந்து போயிருந்தார். இரண்டு பேருக்கு வைத்த சாப்பாட்டை நீட்டிப் பரப்பி, மேற்கொண்டு முட்டையை உடைத்து ஊற்றி, பதினோரு பேரும் கட்டில் மேலும் ஜன்னல் திட்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மச்சானின் ஆட்கள் குழாயை மாட்டினார்கள். மௌனசாமி, "புதிய குழாய் சமையலறைக்கு வந்து சேர்ந்தது" என்று அறிவித்துவிட்டு ஸ்டூலை விட்டு இறங்கினார்.

கை கழுவியதும் மனைவி அலமாரியிலிருந்து தகரப் பெட்டியை எடுத்தாள். "கூலி."

"கூலியா!" என்று பதறினார் ஆடிட்டர் அம்மா. "நாங்கதான் சாப்பாட்டுக்குக் குடுக்கணும்."

"என் வீட்டுச் சாப்பாட்டுக்குக் காசா? இவரு கூட அதைப் பட்டியல்ல போடல."

"எங்க உழைப்பு மட்டும் விலைக்கா?"

"வேலை வாங்கிட்டுக் கூலி குடுக்காத வழக்கம் எங்கப்பா வீட்டுல கிடையாது."

"ஓசியில சாப்பிடற வழக்கம் என்கிட்ட கிடையாது."

தரகர் எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்தவர்தான். ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, தான் கொடுக்க வேண்டியதை ஏற்றவும் தனக்கு வர வேண்டியதை இறக்கவும் இப்படிக் கழுத்து நரம்பு புடைக்கப் பேரம் பேசி அவர் பார்த்ததில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. நோட்டில் இரண்டு பக்கமும் நிரம்பியது.

மனைவி தர வேண்டியது: நாலு பேர் கூலி, தலைக்குத் தொண்ணூறு, முன்னூற்று அறுபது. ஸ்டூலில் நின்றவருக்கு மேஸ்திரி படி நாற்பது. குழாய் அடைத்ததற்கு அறுபது. ("கிளினிக்குல ஒரு பல்லை அடைக்க அறுநூறு வாங்கிட்டிருந்தேன்." "அது வாய், இது குழாய். அறுபது.") மொத்தம் நானூற்று அறுபது.

விருந்தாளிகள் தர வேண்டியது: சாப்பாடு நாலு, தலைக்கு எழுபது, இருநூற்றெண்பது. மிதித்துடைந்த பீங்கான் கோப்பை ஒன்று, நாற்பத்து நாலு. அதற்கு மேல் ஆடிட்டர் அம்மா பிடிவாதமாக இன்னொரு வரி எழுதினார்: திட்டு.

"திட்டுக்கு ரேட் என்ன?" என்று தரகரைக் கேட்டார்.

"அதுக்கு இன்னும் போடலம்மா."

"தலைக்கு இருபத்தஞ்சு. டாக்டருக்கு ரெண்டு பங்கு கெடைச்சது. நூற்று இருபத்தஞ்சு."

மொத்தம் நானூற்று நாற்பத்தொன்பது. கழித்துப் பார்த்தால் மனைவி விருந்தாளிகளுக்குத் தர வேண்டியது பதினொன்று.

"குடுங்க," என்று ஆடிட்டர் அம்மா கையை நீட்டினார். "முப்பத்தெட்டு வருஷத்துல நான் ஒரு கணக்கையும் தீராம விட்டதில்ல."

மனைவி பெட்டிக்குள் கையை விட்டாள். கலகலவென்று சத்தம் கேட்டது. உள்ளே குறைந்தது இருநூறு நாணயமாவது இருக்கும். கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

"சில்லறை இல்ல. அடுத்த தடவை வரும்போது வாங்கிக்குங்க."

மச்சான் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். தரகருக்கும் தெரியும். மாமனார் கடை வைத்திருந்த காலத்தில், கல்லா வழிய வழிய இருந்தாலும், பிடித்துப்போன வாடிக்கையாளருக்குச் சில்லறை மீதியைக் கடைசி வரை கொடுக்க மாட்டார். கணக்கு தீர்ந்துவிட்டால் அப்புறம் அந்த ஆள் எதற்காகப் படியேறுவான் என்பார். கல்லாப் பக்கம் உட்கார்ந்து வளர்ந்த மகளுக்கு அது ரத்தத்தில் ஊறியிருந்தது. பிடிக்காதவர்களுக்கு மட்டும் பைசா சுத்தமாகத் தீர்த்து அனுப்புவாள்.

ஆடிட்டர் அம்மா பெட்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு விநாடி மனசுக்குள் கூட்டினார். பேனாவைத் திறந்தார்.

"வாரம் நாலு பேர்," என்றார் தரகரிடம், எழுதிக்கொண்டே. "மாசத்துக்கு நாலு வாரம், பன்னெண்டு மாசம். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர். மீதி எட்டுப் பேருக்கு முட்டி வலி, வர மாட்டாங்க. ஒரு நிபந்தனை. யாருக்கும் காசு குடுத்துப் பேச வைக்காதீங்க. எங்க கை வேணுங்கற வீடு எதுவோ அங்க கொண்டுபோய் விடுங்க. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கணுமா, கட்டில் மாத்தணுமா, எதுவானாலும் சரி."

தரகரின் மூளை சட்டென்று விழித்துக்கொண்டது. "அப்போ வேலைக்கு ஆள் வேணும்னு கேக்கற வீட்டுக்காரங்க கிட்ட ஒரு சின்னத் தொகை..."

"கையை ஒடிச்சிருவேன்," என்றாள் மனைவி.

"சும்மா கேட்டேன்."

மச்சான் எழுந்து தோளில் கை போட்டார். "மாப்ளே, எதுவானாலும் திங்கக்கிழமை கடைக்கு வந்துடுங்க."

தரகருக்கு முதுகு அரித்தது. "எதுக்கு மச்சான்?"

"குழாய்க் காசு குடுக்கத்தான். முன்னூத்தி நாப்பது. சொந்தத்துக்குத் தள்ளுபடி கிடையாது."

தரகர் விழுந்து விழுந்து சிரித்தார். வாழ்க்கையில் மச்சான் ஜோக்குக்கு அவர் மனசாரச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சின்ன நாற்காலியில் உட்கார வேண்டாம். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று, எண்ணி வைத்துவிட்டு வரலாம்.

ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது ஆடிட்டர் அம்மா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். தரகர் விளக்குக் கம்பத்தடியில் நின்று படித்தார். இரண்டு பக்கமும் கோடு போட்டு, அழகான கையெழுத்தில்:

"காதல், இரண்டு தடவை: ஒன்றுதான் செல்லும். தையல்காரருக்கு இருநூற்றிருபது தரவும். கண்ணீருக்கு எண்பது மறுக்கப்படுகிறது. முடிதிருத்துபவருக்கு 'வாங்க, வாங்க' அறுபது மட்டும். வீட்டுக்காரி பெயரில் வரவு நானூற்று நாற்பத்தொன்பது, பற்று நானூற்று அறுபது. நிலுவை பதினொன்று. தீர்க்கப்படவில்லை."